சைல்ட்கெயார் வவுச்சரில் தேங்கிய காசைத் திரும்ப எடுப்பது எப்படி

பிரித்தானியாவில் 2018 ஒக்டோபர் 4ஆம் திகதியோ அதற்கு முன்னரோ வேலையிடத்து சைல்ட்கெயார் வவுச்சர் திட்டத்தில், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, பிள்ளை பராமரிப்புக்குக் கட்டும் வவுச்சராக வாங்கும் திட்டத்தில், சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தத் திகதிக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே சேர்ந்தவர்கள், அதே வேலையில் இருந்து, கொம்பனியும் திட்டத்தை நடத்தினால், தொடரலாம். அன்றைக்கு நேர்சரிக்குப் போன பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், செலவும் குறைந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் சம்பளத்திலிருந்து மாதம் 243 பவுண் போய்க்கொண்டே இருக்கிறது. வவுச்சர் கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று சேர்ந்து கிடக்கிறது.

நான் மேற்கு லண்டனில் ஒரு கொம்பனியின் பேரோலில், அதாவது சம்பளம் போடும் பிரிவில், வேலை செய்கிறேன். இந்தக் காசைத் திருப்பித் தரச் சொல்லி வரும் மின்னஞ்சல்கள் என் மேசைக்குத்தான் வரும். பாதிப் பேர் பிழையான இடத்தில் கேட்டுக் களைத்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். இன்னும் சிலர் வேலையை விட்டுப் போன பிறகு கேட்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுக்காது, ஏனென்றால் ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் எவ்வளவோ சுலபமாக முடிந்திருக்கும்.

காசு யார் கையில் இருக்கிறது

வவுச்சர் கொம்பனிக்கு போன் எடுத்து "என் காசைத் தாருங்கள்" என்றால் தரமாட்டார்கள். எத்தனை தடவை எடுத்தாலும் "உங்கள் வேலையிடத்தைக் கேளுங்கள்" என்பதே பதிலாக இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. திட்டத்தில் சேரும்போது நீங்கள் ஒரு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருப்பீர்கள்: சம்பளத்தில் இவ்வளவை விட்டுக்கொடுக்கிறேன், பதிலாக வவுச்சர் தாருங்கள் என்று. அந்த நிமிடத்திலிருந்து அந்தத் தொகை சட்டப்படி சம்பளம் இல்லை. அதனால்தான் அதற்கு வருமான வரியும் இல்லை, நஷனல் இன்சூரன்சும் இல்லை. வவுச்சரை வாங்கியது உங்கள் வேலையிடம், அதாவது உங்கள் கொம்பனி. திருப்பினால் காசு போகவேண்டியதும் கொம்பனியிடம்தான்.

ஆகவே பாதை இப்படிப் போகும். உங்கள் எச்.ஆர். (ஊழியர் விவகாரப் பிரிவு) அல்லது பேரோல் சம்மதிக்க வேண்டும். அவர்கள் வவுச்சர் கொம்பனிக்கு அறிவித்தால், காசு கொம்பனிக்குத் திரும்பி வரும். கொம்பனி அதை உங்கள் சம்பளத்தோடு சேர்த்து, வரியும் நஷனல் இன்சூரன்சும் கழித்து, உங்களுக்குத் தரும். வரி கழிக்காமல் முழுத் தொகையையும் நேரே பாங்கில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படிச் செய்யக் கொம்பனிக்கு அனுமதி இல்லை.

கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று கொம்பனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அது அவர்களுடைய விருப்பம். கேட்கும் விதமும் நேரமும் முக்கியமாவது இதனால்தான்.

முதலில் குழாயை மூடுங்கள்

திரும்பக் கேட்க முன்னர், மாதாமாதம் போவதை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். ஒவ்வொரு பேரோலுக்கும் ஒரு கடைசித் திகதி இருக்கும், பெரும்பாலும் மாத நடுப்பகுதிக்கு முன்னர். அது தவறினால் இன்னொரு 243 பவுண் போய்விடும். திருப்பிக் கேட்கிற ஆள் இன்னும் வாங்கிக்கொண்டிருந்தால், அந்த விண்ணப்பத்தை யாரும் கவனமாக எடுக்கமாட்டார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தொடர்ந்து 52 வாரம் வவுச்சர் எடுக்காமல் இருந்தால், திரும்ப உள்ளே வர முடியாது. சின்னப் பிள்ளை ஒன்று இருந்து, அடுத்த வருடம் ஹொலிடே கிளப்புக்குத் தேவைப்படும் என்றால், முழுவதும் நிறுத்தாமல் ஒரு சிறு தொகைக்கு இறக்கி வைக்க முடியுமா என்று எச்.ஆரைக் கேளுங்கள்.

பிள்ளை பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை அரசு தரும் டெக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கெயார் திட்டத்துக்கு மாறுவதாக இருந்தால் கதை வேறு. இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. அதற்கு விண்ணப்பித்து 90 நாளுக்குள் வேலையிடத்துக்கு அறிவிக்க வேண்டும், வவுச்சரை அவர்கள் நிறுத்திவிடுவார்கள். அதன்பின் திரும்பி வர வழியில்லை. ஏற்கெனவே கணக்கில் சேர்ந்த வவுச்சரை மட்டும் செலவழித்து முடிக்கலாம். மாற முன்னர் இரண்டு விஷயம் பாருங்கள். டெக்ஸ்-ஃப்ரீ பிள்ளையின் 11ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு வரும் செப்ரெம்பர் 1 வரைதான். வவுச்சரோ 15ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு வரும் செப்ரெம்பர் 1 வரை போகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் இரண்டிலும் 16 வயதுக் கணக்கு. அடுத்தது, தாயோ தகப்பனோ ஒருவர் வருடம் 100,000 பவுணுக்கு மேல் உழைத்தால் டெக்ஸ்-ஃப்ரீ கிடைக்காது. வவுச்சருக்கு அந்த எல்லை இல்லை.

செலவழிக்க இடம் இருக்கிறதா?

வரி கழித்து எடுப்பதைவிட வரி இல்லாமல் செலவழிப்பது எப்போதும் இலாபம். எனவே திருப்பிக் கேட்க முன்னர் இதை ஒழுங்காகப் பாருங்கள். பிறேக்ஃபஸ்ட் கிளப், ஆஃப்டர் ஸ்கூல் கிளப், விடுமுறைக் கிளப், பதிவுபெற்ற சைல்ட்மைண்டர், பதிவுபெற்ற நானி எல்லாவற்றுக்கும் கட்டலாம். இங்கிலாந்தில் பொதுவாக, பிள்ளை பராமரிப்பு இடங்களைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் பதிவு இருக்கவேண்டும். கோடை விடுமுறையில் நடக்கும் விளையாட்டு முகாம்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருக்கிறது. 12, 13 வயதுப் பிள்ளையை ஆறு வாரம் வீட்டில் தனியே விடத் தயங்கும் பெற்றோருக்கு அது நல்ல வழி. பிள்ளை 15ஐத் தாண்டவில்லை என்றால் வயது ஒரு தடையே இல்லை.

எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை சில. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கட்டலாமா? பரதநாட்டிய வகுப்புக்கு? மிருதங்க வகுப்புக்கு? ஒஃப்ஸ்டெட் பதிவு இல்லை என்றால் முடியாது, பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. அம்மம்மா பிள்ளையைப் பார்க்கிறா, அவவுக்குக் கொடுக்கலாமா? அதுவும் முடியாது. உறவினர் என்றால், அவர் பதிவுபெற்ற சைல்ட்மைண்டராக இருந்து, பிள்ளையின் வீட்டுக்கு வெளியே, வேறு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெரிந்த சைல்ட்மைண்டர் ஒருவருக்கு வவுச்சரை அனுப்பி, அவரிடம் காசாக வாங்குவது என்று ஒரு யோசனை நம்மிடையே சுற்றுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது வரி ஏய்ப்பு. உங்களோடு சேர்த்து அந்தச் சைல்ட்மைண்டரின் பதிவையும் ஆபத்தில் போடுவீர்கள்.

நேர்சரியில் கூடுதலாகக் கட்டிய காசு இருந்தால், அது வவுச்சராகக் கட்டப்பட்டது என்றால் வவுச்சர் கணக்குக்கே திரும்ப வேண்டும். நேர்சரி மனேஜரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் 2025 செப்ரெம்பரிலிருந்து, வேலை செய்யும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தை தொடக்கம் வாரம் 30 மணித்தியாலம் இலவசம் என்று ஆனபின், முன்கூட்டிக் கட்டிய பலருக்கு நேர்சரியில் மிச்சம் விழுந்திருக்கிறது. நேர்சரி தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொம்பனி ஏன் தயங்குகிறது

இதைப் புரிந்துகொண்டு கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் வவுச்சர் எடுத்தபோது கொம்பனிக்கும் இலாபம் இருந்தது. அந்தத் தொகைக்கு அவர்கள் பங்கு நஷனல் இன்சூரன்ஸ் கட்டவில்லை. முன்னர் அது 13.8 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். திருப்பித் தரும்போது அது சம்பளமாக மாறுகிறது, கொம்பனி அந்த 15 சதவீதத்தைக் கட்டவேண்டும். 2,430 பவுணைத் திருப்பினால் கொம்பனிக்கு 364.50 பவுண் செலவு. மேலே, வவுச்சர் கொம்பனிக்குக் கட்டிய சேவைக் கட்டணமும் இருக்கிறது. சில இடங்களில் திருப்புவதற்கும் ஒரு கட்டணம் எடுப்பார்கள்.

ஆக, "எங்கள் கொள்கையில் இல்லை" என்று வரும் முதல் பதில் பலவேளை ஒரு செலவுக் கணக்கு. அதற்குப் பதில் சொல்ல முடியும். கட்டணம் இருந்தால் என் தொகையில் கழியுங்கள் என்று நீங்களே எழுதலாம். இரண்டு தவணையாகத் தந்தாலும் போதும் என்று சொல்லலாம். பிள்ளைக்கு இனித் தகுதி இல்லை, செலவழிக்க வழியே இல்லை என்று காட்டினால் மனம் மாறும் எச்.ஆர். மனேஜர்களை நான் கண்டிருக்கிறேன்.

என் மச்சாளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவவின் வேலையிடம் வேறு. கணக்கில் 2,430 பவுண், பத்து மாதக் காசு. மகனுக்கு 15 தாண்டிவிட்டது. போனில் கேட்டபோது எச்.ஆரில் இருந்த பிள்ளை "அப்படிச் செய்வதில்லை" என்று வைத்துவிட்டது. பிறகு நாங்கள் இருவரும் மேசையில் இருந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். நீளம் கொஞ்சம்தான். வவுச்சர் கணக்கு எண், இன்றைய மீதி, அதைக் காட்டும் ஸ்கிரீன்ஷொட். கடைசியாக எந்த மாதம் சம்பளத்தில் கழிந்தது. மகனின் பிறந்த திகதி, அதனால் தகுதி முடிந்த செப்ரெம்பர் 1. "இந்த மீதியை வவுச்சர் கொம்பனியிடமிருந்து திருப்பி எடுத்து, பேரோல் வழியாக, வரியும் நஷனல் இன்சூரன்சும் கழித்துத் தரும்படி கேட்கிறேன்" என்ற ஒரு வரி. முடியாது என்றால், எந்தக் கொள்கையின் எந்தப் பகுதிப்படி என்று எழுத்தில் தரவும் என்று இன்னொரு வரி. எச்.ஆருக்கு அனுப்பி, பேரோலுக்கும் பிரதி போட்டோம்.

அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் வேலை செய்தன என்று நினைக்கிறேன். வரி கழித்துத் தாருங்கள் என்று நீங்களே எழுதினால், கேட்பவருக்கு விதி தெரியும் என்பது விளங்கிவிடும். கொள்கையைக் காட்டச் சொன்னால், தேடிப் பார்க்கவேண்டி வரும். தேடிப் பார்த்தால் பல இடங்களில் அப்படி ஒரு கொள்கையே எழுதப்பட்டிருக்காது.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியது

மச்சாளின் அந்த மாதச் சம்பளம் 3,500 பவுண். திருப்பிய காசு நவம்பரில் வந்தது. சீட்டில் மேல் பகுதியில், சம்பளத்துக்குக் கீழே, தனி வரியாக 2,430.00 கூட்டப்பட்டிருந்தது. மொத்தம் 5,930. அதிலிருந்து இந்தத் தொகைக்காக மட்டும் கழிந்தது: வரி 20 சதவீதப்படி 486 பவுண். நஷனல் இன்சூரன்ஸ், மாதம் 4,189 வரை 8 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம் என்பதால், 89.94 பவுண். கைக்கு வந்தது 1,854.06. பென்ஷனோ மாணவர் கடனோ கட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையலாம். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வரி வீதம் வேறு.

575 பவுண் போய்விட்டதே என்று அவ கவலைப்பட்டா. அந்த வவுச்சர்களை வாங்கிய காலத்தில் நஷனல் இன்சூரன்ஸ் 12 சதவீதம். வரியோடு சேர்த்து 32 சதவீதம், அதாவது 777 பவுணுக்கு மேல், அப்போது மிச்சம் பிடித்திருந்தா. இப்போது கட்டியது அதைவிடக் குறைவு. இழப்பு இல்லை. ஆனால் வவுச்சர் எடுத்தபோது 20 சதவீத வரியில் இருந்து, இப்போது 40 சதவீதத்துக்கு ஏறியவர்களுக்கு உண்மையில் நட்டம். அவர்கள் முடிந்தவரை செலவழித்துத் தீர்க்கப் பாருங்கள்.

சீட்டில் அந்தத் தொகை கீழ்ப் பகுதியில், வரி கழித்த பிறகு கூட்டப்பட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது பேரோலின் பிழை. பிறகு கண்டுபிடித்துத் திருத்தும்போது உங்களிடம்தான் வருவார்கள். அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மாதமும் கொஞ்சம் முக்கியம். இதே காசு ஏப்ரல் சம்பளத்தில் வந்திருந்தால் வரி 834.20 பவுண் கழிந்திருக்கும், 348 பவுண் கூடுதலாக. வரி வருடம் அப்போதுதான் தொடங்குவதால், பாவிக்காத வரி எல்லை சேர்ந்திருக்காது. ஒரு பகுதி 40 சதவீதத்தில் விழும். சாதாரண வரிக் குறியீடு என்றால் அடுத்தடுத்த மாதங்களில் அது தானாகச் சரியாகும். குறியீட்டின் பின்னால் எம்1 என்று இருந்தால் தானாகச் சரியாகாது, வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யுடன் பேச வேண்டும். பெரிய தொகை என்றால் பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வரி வருடத்தில் பிரிந்து விழும். வருட வருமானம் 60,000ஐத் தாண்டினால் சைல்ட் பெனிஃபிட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000இல் முழுவதும் போய்விடும். 100,000ஐத் தாண்டினால் 30 மணித்தியால இலவச நேர்சரியே போய்விடும். அந்த எல்லைகளுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கணக்குப் போடாமல் கேட்கவே கூடாது.

யூனிவேர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் இன்னும் கவனம். வரி போக வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் அந்த மாத உதவியில் குறையும். அந்த வீடுகளுக்கு, ஹொலிடே கிளப்பில் செலவழிப்பதே ஏறக்குறைய எப்போதும் நல்லது.

மறுத்தால்

எழுத்தில் மறுப்பு வந்தால், முதலில் நீங்கள் சேரும்போது ஒப்புக்கொண்ட ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டாஃப் ஹாண்ட்புக்கையும் பாருங்கள். முன்னர் யாருக்காவது திருப்பித் தந்திருக்கிறார்களா என்று கூட வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். ஒருவருக்குத் தந்து உங்களுக்கு மறுத்தால் அதற்குக் காரணம் கேட்கலாம். யூனியன் இருந்தால் அவர்களிடம் போங்கள். இல்லையென்றால், வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் ஹெல்ப்லைன் இருக்கிறது, ஆலோசனை இலவசம். முறைப்படியான கிரீவன்ஸ் (எழுத்தில் முறைப்பாடு) கொடுப்பது அதற்குப் பிறகு.

அதுவும் சரிவராவிட்டால், வவுச்சர் கொம்பனியின் விதிகளில் காலாவதித் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சின்னப் பிள்ளைக்காக அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.

வேலையை விடப்போகிறவர்கள், ரிசைன் கடிதம் கொடுக்க முன்னரே இந்த விண்ணப்பத்தைக் கொடுங்கள். வேலையை விட்டாலும் ஏற்கெனவே வாங்கிய வவுச்சரைச் செலவழிக்கலாம். ஆனால் திருப்பி எடுப்பது பழைய கொம்பனியின் வழியாகத்தான், அங்கே உங்களைத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். வவுச்சர் கணக்கு வேலை மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், கடைசி நாளுக்கு முன் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். வேலையை விடும்போது தரும் பி45 வரிப் படிவத்தைத் தந்த பிறகு காசு தந்தால் 0டி என்ற குறியீட்டில் வரி கழிப்பார்கள், வரியில்லாத எல்லை எதுவும் சேர்க்காமல். அந்த வருடம் வேலை இல்லாமல் இருந்தவர்களுக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எச்.எம்.ஆர்.சி.யின் ஓன்லைன் வரிக் கணக்கில் கேட்கலாம், அந்த வரி வருடம் முடிந்து நான்கு வருடம் வரை நேரம் இருக்கிறது.